சமயபுரத்தில் போட்ட தாலி

1

நான் வேலை பார்க்கும் வீட்டின் குளியலறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அங்கே ஒரு கப்பல் சில நாட்களாக அசையாமல் நிற்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் வயதான வீட்டுக்கார அம்மாளை, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றும்போது நானும் அதைப் பார்க்கிறேன், அவளும் பார்க்கிறாள். அவளுக்கு ஞாபகம் தவறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கப்பல் ஏன் உள்ளே வரவில்லை என்று தினமும் புதிதாகக் கேட்பாள். நானும் தினமும் புதிதாகப் பதில் சொல்வேன்.

இது சிசிலித் தீவின் தென்கரை, இத்தாலியைச் சேர்ந்தது. திருவானைக்காவலில் பிறந்தவள் இங்கே வந்து சேர்ந்தது பெரிய கதையெல்லாம் இல்லை. என் கணவர் மண்ணச்சநல்லூர்க்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர், இந்த ஊரில் இறங்கி ஓர் ஓட்டலில் சேர்ந்தார், பிறகு என்னை அழைத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிஞ்ஞோராவின் மகன் மிலானில் இருக்கிறான், மகள் தூரினில். இரண்டு பேரும் நல்லவர்கள், ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்து அம்மாவுக்கு முத்தம் கொடுப்பார்கள். கால் நகம் வெட்டுவது நான்.

அந்தக் கப்பலில் இருப்பவர்கள் கடலில் தத்தளித்தபோது மீட்கப்பட்டவர்கள். இறங்க விட்டால் இத்தாலியின் தலையில் விழும் என்று இத்தாலி யோசிக்கிறது. முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறார்களோ, எங்கே முதலில் விரல் ரேகை எடுக்கிறார்களோ, அந்த நாடே அவர்களுக்குப் பொறுப்பு என்பது ஐரோப்பாவில் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு. கடல் எங்கள் வாசலில் இருப்பது எங்கள் குற்றமா என்று இத்தாலியும் கிரீஸும் மால்டாவும் கேட்கின்றன. உள்ளே தள்ளி இருக்கும் நாடுகள், சட்டம் அப்படித்தானே என்று கையை விரிக்கின்றன. இப்போது இன்னொரு வழியும் சொல்கிறார்கள். ஆளை ஏற்க மனமில்லாத நாடு அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமாம்.

டிவியில் மந்திரிகள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து இதைப் பேசும்போது எனக்கு எங்கள் அண்ணன் வீட்டு ஹால்தான் கண்ணில் வருகிறது. சிரிக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சுகந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

போன வருஷம் ஒரு வக்கீல் பெண் எனக்கு ஃபோன் செய்தாள். மாதா கோயில் ஒன்றின் சார்பில் அகதிகளுக்கு இலவசமாக வழக்குப் பார்ப்பவள், என் மகள் வயதுதான் இருக்கும். படகில் வந்த ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள், அவள் சொல்வதை ஃபோனில் மொழிபெயர்க்க வைத்துப் பார்த்தோம், ஏதோ சரியில்லை, நீங்கள் நேரில் வந்து பேசிப் பார்க்க முடியுமா என்றாள். இலங்கைத் தமிழாக இருந்தால் எனக்குப் பாதிதான் புரியும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போனேன்.

முகாமின் சாப்பாட்டு அறையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க திருச்சியா?"

ஆமாம், திருவானைக்காவல் என்றேன். நாங்க ஏர்போர்ட் பக்கம்க்கா, கேம்ப்பு என்றாள். நான் அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வக்கீல் பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

திருச்சி ஏர்போர்ட் பக்கத்து இலங்கை அகதி முகாமை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானம் தாழ்வாகப் போகும் இடத்தில் வரிசை வீடுகள். சுகந்தியின் அம்மா சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவள். சுகந்தி அந்த முகாமிலேயே பிறந்து, திருச்சியிலேயே படித்து, திருச்சிப் பேச்சே பேசி வளர்ந்தாள். ஆனால் இந்தியக் குடியுரிமை இல்லை. இலங்கையை அவள் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவள் புருஷன் தயாளனும் அதே வரிசையில் பிறந்தவன். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அவன் எப்படியோ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தான். இவள் பின்னாலேயே கிளம்பித் துருக்கி வரை வந்து, அங்கிருந்து படகில் இத்தாலிக் கரையில் இறங்கினாள். நடுவில் நடந்தவற்றை அவள் சொல்ல விரும்பவில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, புருஷனிடம் போக வேண்டும். அவனுக்கு அங்கே இருக்கும் தற்காலிகக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவன் இங்கே வர முடியாது. இவள் இங்கேயிருந்து நகர முடியாது. ஒரு தடவை ரயில் ஏறி எல்லை வரை போய்ப் பார்த்தாள், இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. புருஷன் பெண்டாட்டி என்று நிரூபித்தால், முதலில் கால் வைத்த நாடு என்கிற கணக்கு விலகிக்கொள்ளும், புருஷன் இருக்கும் நாடு ஏற்க வேண்டும். அந்த வாசலில்தான் சுகந்தி மாட்டிக்கொண்டு நின்றாள்.

தயாளன் கடல் தாண்டிய சமயத்தில் பல நாள் அவனிடமிருந்து தகவலே இல்லை. படகு கவிழ்ந்துவிட்டதாகக்கூட ஒரு பேச்சு வந்ததாம். சுகந்தி சமயபுரத்துக்கு ஓடியிருக்கிறாள். அவர் உயிரோட இருக்கார்னு சேதி வந்தா என் தாலிய உனக்கே போட்டுடறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். சேதி வந்தது. சொன்னபடி தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டு, மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நம் பக்கத்தில் இதை யாரும் நின்று பார்க்கக்கூட மாட்டார்கள். இத்தாலிக்கு வருகிற வழியில் அந்தக் கயிறும் கிழங்கும் கடல் தண்ணீரில் ஊறி அழுகிப் போய்விட்டன.

கரையில் இறங்கியதும் நடந்த விசாரணையில் அதிகாரி கேட்டிருக்கிறார், உங்கள் மதத்தில் கல்யாணத்துக்கு என்ன அடையாளம்? தாலி. அது எங்கே? நானே கழட்டிக் கோயில்ல போட்டுட்டேன். இவள் அதைப் பெருமையாகவே சொல்லியிருக்கிறாள். ஃபோனில் மொழிபெயர்த்தவர் எந்த ஊர்த் தமிழரோ, சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார்: கணவர் சென்ற பிறகு மனுதாரர் தன் விருப்பப்படி திருமணச் சின்னத்தைக் களைந்து கோயிலில் ஒப்படைத்துவிட்டார்.

ஜெர்மனி அதைப் படித்துவிட்டு, திருமணம் நடந்ததை நாங்கள் மறுக்கவில்லை, அது இப்போதும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பதில் அனுப்பிவிட்டது. கல்யாணப் போட்டோவைக் காட்டினால், அது அன்றைக்கு. புருஷனே ஃபோனில் கதறினால், அவர் சம்பந்தப்பட்டவர். சுகந்தி விளக்கம் சொன்னால், முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றுகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து என் சமையலறை டப்பாவில் இருந்த விரலி மஞ்சளை எடுத்து, தையல் நூலை முறுக்கிக் கட்டி மறுநாள் அவளிடம் கொண்டு கொடுத்தேன். வக்கீல் பெண் வேண்டாம் என்று தடுத்தாள். இப்போது கட்டினால் வழக்குக்காகக் கட்டியது என்பார்களாம். சுகந்தி அதை ஜாக்கெட்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டாள்.

3

அப்பாவின் திதி ஆடியில் வருகிறது. அதற்காகத்தான் போன வருஷம் ஊருக்கு வந்தேன். புறப்படும்போது வக்கீல் பெண் ஒரு வேலை சொல்லி அனுப்பினாள். சுகந்திக்குச் சொந்தமில்லாத, இந்த வழக்கத்தைத் தானே செய்த ஒருவர், நோட்டரி முன்னால் நின்று அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும், அதை வீடியோவாகவும் எடுத்து வர வேண்டும். சமயபுரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். அண்ணன் திருவானைக்காவலில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறான். தம்பி கே.கே. நகரில். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு முறை வைத்திருக்கிறார்கள். தையில் தம்பி வீட்டுக்குப் போவாள், ஆடி பிறந்ததும் அண்ணன் வீட்டுக்குத் திரும்புவாள். கறுப்பு ரெக்ஸின் பை ஒன்று, மாத்திரை டப்பா, சாமி படம் ஒன்று. இவ்வளவுதான் அம்மாவின் குடித்தனம்.

அம்மா மண்டபம் படித்துறையில் திதி நல்லபடியாக முடிந்தது. காவிரியில் தண்ணீர் நிறையப் போயிற்று. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிண்டம் வைத்தார்கள், பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அண்ணி சோற்றை அள்ளி அள்ளி வைக்க, போதும் என்பதற்கு எனக்கு வாயில் வந்தது பாஸ்தா. இத்தாலியில் போதும் என்பதற்கு அதுதான் சொல், அண்ணி காதில் அது தின்கிற பாஸ்தாவாக விழுந்திருக்கிறது. அண்ணி மறுநாள் காலையில் எனக்கென்று தனியாக நூடுல்ஸ் கிளறி வைத்திருந்தாள். வருஷக்கணக்கில் வெளியே இருந்தால் வாயும் கூட நம்ம பேச்சைக் கேட்பதில்லை.

திதி அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் பேச்சு ஆரம்பித்தது. ஆடி பிறந்து பல நாள் ஆகியும் அம்மா இன்னும் முறை மாறவில்லை என்று தம்பிக்குக் குறை. மகளுக்குப் பரீட்சை, கொஞ்சம் பொறு என்றான் அண்ணன். எனக்கு மட்டும் வீட்டுல மேஸ்திரி வேலை நடக்கலையா என்றான் தம்பி. அவன் வரும்போதே அம்மாவின் ரெக்ஸின் பையையும் கையோடு கொண்டுவந்துவிட்டான். அண்ணன் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. பை செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

அண்ணன் சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா செத்தப்ப அம்மா எங்கிட்டதான் இருந்தாங்க. அதனாலயே எப்பவும் என் பொறுப்புன்னு ஆயிடுமா?"

நான் நடுவில் புகுந்தேன். ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி, சண்டை எதுக்கு, நான் மாசம் கூடவே அனுப்பறேன், வீட்டோட ஒரு ஆள் வெச்சுக்குங்க என்றேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் எனக்கு எட்டு வயது இளையவன், இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

"பணம் யாருக்குக்கா வேணும்? உன் முறைக்கு நீ வந்து ஒரு ஆறு மாசம் இரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. அன்றைக்கு அந்த ஹாலில் இத்தாலி இருந்தது, ஜெர்மனி இருந்தது, பணம் கொடுத்து ஒதுங்கும் நாடும் இருந்தது. துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல் அந்தக் கறுப்புப் பைதான். அம்மா எழுந்து, மல்லி, நாளைக்கு நீ சமயபுரம் போறேன்னியே, நானும் வரட்டுமா என்று கேட்டாள். இங்கே இருப்பதைவிட எங்கேயாவது போவது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

4

சமயபுரம் போகும் வழியில் ஆட்டோவிலேயே அம்மாவிடம் சுகந்தியின் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இதுக்கு எதுக்குடி வெளியில ஆள் தேடறே, நான் போட்டிருக்கேனே என்றாள்.

எனக்குத் தெரியும், ஆனால் தோன்றவே இல்லை பாருங்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் போய், பெரியாஸ்பத்திரியில் இனி உங்க சாமி விட்ட வழி என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குப் பாலக்கரையில் டயர் கடை. அம்மா நேராகச் சமயபுரம் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். அப்பா பிழைத்து எழுந்து வந்ததும் தாலியைக் கொண்டுபோய் உண்டியலில் போட்டாள். வேறு தங்கத் தாலி வாங்கித் தருகிறேன் என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார், இவள் கேட்கவில்லை. கடைசி வரை மஞ்சள் கயிறுதான். வருஷத்துக்கு வருஷம் கயிறு மாறும், ஆள் மாறவில்லை. அப்பா இறந்த அன்று அவள் கழுத்தில் இருந்து எடுத்ததும் வெறும் கயிறுதான்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராகத் திருச்சிக்கு வந்து, கோர்ட்டுப் பக்கத்தில் ஒரு நோட்டரியின் அறையில் உட்கார்ந்தோம். மின்விசிறி சத்தம் வீடியோவில் விழும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. என் ஃபோனைப் பார்த்துப் பேசும்மா என்றேன். யார் கிட்ட பேசறேன்னு சொல்லு, அப்பதான் பேச வரும் என்றாள். ஒரு அதிகாரிகிட்ட என்றேன்.

"ஐயா, தாலியப் போட்டேன்னா அவர விட்டுட்டேன்னு அர்த்தம் இல்லீங்க. இவர எனக்குக் குடு, இத நீ எடுத்துக்கன்னு அர்த்தம். போட்டப்புறம் நான் அவரோட முப்பது வருஷம் இருந்தேன், என் கடைசிப் புள்ள அதுக்கப்புறந்தான் பொறந்தான். அந்தப் பொண்ணும் அதத்தான் செஞ்சிருக்கா. புருஷன் வேணாம்னு நெனக்கிறவ எதுக்குங்க தாலியக் குடுத்து அவன் உசிரக் கேக்கப் போறா?"

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அம்மா இன்னும் ஏதாவது சொல்லணுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். வீட்டில் யாரும் அவளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து வெகு நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து ஏர்போர்ட் பக்கத்து முகாமுக்குப் போனோம். சுகந்தியின் அம்மா வீட்டு வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைப் பற்றி எவ்வளவோ கேட்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளை, அவளின்ர கழுத்தில கயிறாவது கிடக்குதோ?"

இருக்கு, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருக்கா என்றேன். அவள் முகம் தெளிந்தது. அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள். ஒருவர் பேச்சில் மற்றவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. மன்னாரில் படகேறி வந்தபின் இந்த முகாமிலேயே ஒரு ஆயுள் போய்விட்டது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்ற பிறகும் அம்மாவுக்கு அங்கேயிருந்து கிளம்ப மனமில்லை. இவங்க வீட்டுல ஒரே ரூம்தான், ஆனா என் பை வெக்க இடம் இருக்கும்போல என்று ஆட்டோவில் ஏறும்போது சிரித்தபடி சொன்னாள்.

5

அம்மா பேசியதை இத்தாலிய மொழியில் எழுத என் மகள் காவ்யாவைத்தான் பிடித்தேன். அவள் மிலானில் படிக்கிறாள். நான் தமிழில் பேசினால் அவள் இத்தாலியனில் பதில் சொல்லுவாள், இப்படியே எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாலி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. உன்னுடையது எங்கே என்று கேட்டாள். லாக்கரில் என்றேன். சிஞ்ஞோராவைத் தூக்கும்போது சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள், அதனால் கழற்றி வைத்திருக்கிறேன். அப்படியென்றால் எந்த நாட்டு அதிகாரியாவது உன்னைப் பார்த்தால் நீயும் அப்பாவை விட்டுவிட்டாய் என்றுதான் எழுதுவார் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் வீடியோவை அவள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள், வேகமாகப் பேசுகிறாள் என்று புகார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். பாட்டி இப்போது எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டாள். முறை வைத்திருப்பதைச் சொன்னேன். பாட்டிக்கு எங்கே இருக்க விருப்பம் என்று பாட்டியிடம் யார் கேட்டீர்கள் என்றாள். இந்தக் கேள்வியை அவள் இத்தாலியனில் கேட்டதால் அதிகமாகச் சுட்டது. அவளுக்கு நம் ஊர் வழக்கம் எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், தெரியாததால்தான் நேராகக் கேட்டுவிட்டாள்.

ஐரோப்பிய நாடுகள் பொறுப்பை எப்படிப் பங்கிட வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், வாய் சும்மா இருக்குமா? கப்பலை வெளியே நிறுத்திவிட்டுப் பேசாதீர்கள், முதலில் இறக்குங்கள், பையை உள்ளே எடுத்து வைத்துவிட்டுச் சண்டை போடுங்கள். முதலில் எங்கே கால் வைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், கால் எங்கே போக வேண்டுமென்று கிளம்பியது என்று கேளுங்கள். உறவு இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, உறவே இல்லாதவர்களை வசதிக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ளுங்கள். கடலோரத்து நாடு ஒன்றே சுமக்க வேண்டும் என்பது அநியாயம், அண்ணன் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுத்தவர் முறை கழிந்துவிட்டதாக மட்டும் நினைக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். மாசாமாசம் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினவள் என்கிற யோக்கியதைதான்.

அம்மாவை இங்கே அழைத்துவர முடியாதா என்று அப்புறம் விசாரித்தேன். சொஜோர்னோ என்று நாங்கள் சொல்லும் வசிப்பு அனுமதி வைத்திருப்பவர்கள் வயதான பெற்றோரை அழைக்கலாம். ஆனால் சொந்த நாட்டில் அவர்களைப் பார்க்க வேறு பிள்ளைகள் இருக்கக் கூடாது. இருந்தால், பார்க்கவே முடியாத அளவுக்கு அந்தப் பிள்ளைகள் நோயாளியாக இருக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். அதனால் அம்மாவுக்கு இங்கே வழி இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

6

வக்கீல் பெண் அம்மாவின் வாக்குமூலத்தைச் சேர்த்து மறுபடி மனு போட்டாள். இழுத்தடித்தார்கள். நடுவில் சுகந்திக்குச் சாப்பாடு இறங்காமல் போய், சோற்றுக்கு நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை மட்டும் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் பொறுமைதான் முதலில் போனது. குடியேற்ற அலுவலகத்தில் ஒரு நாள் எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாவற்றையும் சேர்த்துச் சத்தம் போட்டேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிவு எங்கள் கையில் இல்லை, ஜெர்மனியின் கையில் இருக்கிறது என்றார். ஜெர்மனியில் தயாளன் போய்க் கேட்டால், இத்தாலியின் கையில் இருக்கிறது என்றார்களாம்.

பிறகு ஒரு நாள் ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. பதிலில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இருந்ததாக வக்கீல் பெண் படித்துக் காட்டினாள். அதே சடங்கைச் செய்த மூத்த பெண்மணி ஒருவரின் விளக்கத்தை ஏற்கிறோம் என்று இருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் வாயே திறக்காத அம்மாவின் பேச்சை ஒரு தேசமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

போன வாரம் சுகந்தியை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டேன். மஞ்சள் கிழங்கை ஜாக்கெட்டுக்கு வெளியே எடுத்து விட்டிருந்தாள். பாதுகாப்புச் சோதனையில் அது என்ன என்று ஒரு பெண் கேட்டதும், சுகந்தி பயந்து போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சமையல் மஞ்சள் என்று நான் வெளியிலிருந்தே கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலமே தயாளனோடு நின்று எடுத்த போட்டோ வந்தது.

மறுநாள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். இப்போது தம்பி வீட்டு முறை. பக்கத்தில் யாரோ சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது, மேஸ்திரி வேலை இன்னும் முடியவில்லை. போய்ச் சேர்ந்துட்டாளா, நிஜமாவா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நீ பேசினதாலதாம்மா விட்டாங்க, பேப்பர்லயே எழுதியிருக்காங்க என்றேன்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, தம்பிக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டாள்.

"மல்லி, நான் அந்தப் பொண்ணுக்காகப் பேசினா மாதிரி எனக்காக யாராவது பேசினா, என்னையும் உன்கிட்ட விட்டுடுவாங்களா?"

சட்டம் விடாதும்மா என்றேன்.